அமீபாவுக்கு டியூஷன் கிடையாது

“உலகத்துல எத்தனையோ லட்சம் உயிரினம் இருக்கு. அதுல உயிரியலுக்கு டியூஷன் வெச்சுக்கிற ஒரே உயிரினம் மனுஷன்தான். ஒரு அமீபா ரெண்டாப் பிரியறதுக்கு முன்னாடி ஆறாவது மாடிக்கு இறங்கிப்போய், மேடம் புவாகிட்ட சந்தேகம் கேட்டதா சரித்திரமே கிடையாது.”

சீனப் புத்தாண்டுக்கு முந்தின இரவு, குடும்பமே வட்டமேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, டெஸ்மண்ட் குவா இதை அறிவித்தான். கையில் பாதி உரித்த இறால். முகத்தில் சிரிப்பில்லை. அவன் எதையும் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை. பல்கலைக்கழகத்தில் உயிரியல் மூன்றாம் ஆண்டு படிப்பவன் சிரித்தால், உயிரியலுக்கு மரியாதை போய்விடும் என்று நினைக்கிற சாதி.

மற்றவர்கள் சிரித்துவிட்டு அடுத்த தட்டுக்குப் போனார்கள். அவன் அக்கா பெர்னிஸ் மட்டும் போகவில்லை.

“அப்படியா? சரி லா. மேடம் புவா டியூஷனை நிறுத்திடறேன். ஷுவானுக்கு நீயே சொல்லிக் குடு.”

வாய் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்த இறால் அங்கேயே நின்றது. ஆனால் சொன்ன சொல்லைத் திருப்பி விழுங்கும் வழக்கம் அவனுக்கு இல்லை.

புத்தாண்டு முடிந்து பாதி ஆண்டு ஓடிவிட்டது. இன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை ஹுய் ஷுவானுக்கு ஓ லெவல் பொதுத் தேர்வுக்கு முந்தின பள்ளித் தேர்வு.

பதினோராவது மாடி வீட்டில், சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் டெஸ்மண்ட், எதிரே அக்கா மகள், பதினாறு வயது ஹுய் ஷுவான். நடுவே, ரப்பர் பேண்ட் போட்ட இளஞ்சிவப்பு அட்டைக் கட்டு.

அது மேடம் புவாவின் ஆயுதம். ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அட்டை. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பதில், அதில் அடிக்கோடிட்ட சில சொற்கள். அந்தச் சொற்கள் பதிலில் இருந்தால் மதிப்பெண். இல்லாவிட்டால், கேள்விக்குரிய உயிரினமே நேரில் வந்து சாட்சி சொன்னாலும் மதிப்பெண் கிடையாது. மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். டெஸ்மண்ட் அதற்கு வைத்த பெயர், கிளி வளர்ப்பு.

“அதை மறுபடி ஏன் எடுத்தே?”

“மாமா, நீ சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சதுலேர்ந்து எனக்கு எல்லாமே புரியுது. பதில்தான் ஒண்ணும் தெரியல.”

“புரிஞ்சா பதில் தானா வரும்.”

“போன பரீட்சையில சவ்வூடு பரவலுக்கு என்ன எழுதினேன் தெரியுமா? ‘தண்ணி கூட்டம் இல்லாத பக்கம் போக ஆசைப்படும்’. நீ சொன்னதுதான். பூஜ்யம். டீச்சர் பக்கத்துல ஒரு கேள்விக்குறி வேற போட்டிருந்தாங்க.”

“அந்தக் கேள்விக்குறி டீச்சரோட பிரச்சினை,” என்றான் டெஸ்மண்ட். “இன்னிக்கு மரபியல். அட்டையை மூடு. அட்டையில இருக்கிறது ஊர் பேர் தெரியாத பட்டாணிச் செடி. நாம உயிரோட இருக்கிறதைப் பாப்போம். உன் காதைத் தொடு.”

அவள் தொட்டாள்.

“மடல் தொங்குதா, தாடையோட ஒட்டியிருக்கா?”

அம்மாவின் பவுடர் டப்பாக் கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தாள். “தொங்குது. ஐயோ, நடுவுல நகத்தால அழுத்தின மாதிரி ஒரு கோடு. உனக்கும் அதே மாதிரி இருக்கு மாமா!”

“தாய்மாமன் காது. எங்க பக்கத்துச் சொத்து,” என்றான் அவன், கொஞ்சம் பெருமையாகவே.

பெருமைக்குக் காரணம் இருந்தது. தடித்துத் தொங்குகிற காதுமடல் அதிர்ஷ்டம். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் வீட்டுக்கு வருகிற அத்தனை ஆன்ட்டிகளும் அவன் காதைப் பிடித்து இழுத்து, அதில் கொஞ்சத்தைத் தங்கள் பக்கம் கறந்துகொண்டு போவார்கள். இறந்துபோன அம்மாகூட, “நம்ம வம்சத்துலயே யாருக்கும் இப்படி ஒரு காது கிடையாது. இவன் மேலேர்ந்து வாங்கிட்டு வந்தது” என்று சொல்லிச் சொல்லியே அவனை வளர்த்தாள். அம்மா போன பிறகுதான் அவன் இந்த வீட்டுக்கு வந்தான். அக்கா பெர்னிஸுக்கும் அவனுக்கும் பத்தொன்பது வயது வித்தியாசம். பள்ளிக்கூடக் கூட்டங்களுக்கு அவள் வந்தால், அவன் அம்மா என்றே எல்லோரும் நினைப்பார்கள்.

“தொங்குற காது ஓங்கு பண்பு. ஒட்டின காது ஒடுங்கு பண்பு. இப்ப உங்கம்மா காதைப் பாக்கலாம். ஜே! இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பு.”

அக்காவை அவன் ‘ஜே’ என்றுதான் கூப்பிடுவான்; சீனத்தில் அக்கா. மூங்கில் கழியில் ஈரச் சட்டைகளைக் கோத்து, வெளியே நீட்டிக் காயப்போட ஜன்னலுக்குத் தூக்கிக்கொண்டு போன பெர்னிஸ், அதே வேகத்தில் தலையை மட்டும் திருப்பினாள்.

“ஒட்டினது,” என்றாள் ஷுவான். “அப்பாவுக்கு?”

அப்பா கெங் ஹுவாட் வீட்டில் இல்லை. விடியுமுன்னே போய்விடுவார். நான்காவது தெரு உணவங்காடியில் மீன் உருண்டை நூடுல்ஸ் கடை. ஆனால் சுவரில் அவர் இருந்தார். ஒரு முறை செய்தித்தாளில் அவர் கடையைப் பற்றி எழுதியிருந்ததைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். கொதிக்கிற பானையிலிருந்து நூடுல்ஸை அள்ளித் தூக்குகிறார், பக்கவாட்டில். காது துல்லியமாக விழுந்திருந்தது.

“ஒட்டினது,” என்றாள் ஷுவான்.

“அருமை. இப்ப நாலு கட்டம் போடு. மேல அப்பா, பக்கத்துல அம்மா. ரெண்டு பேருக்கும் ஒடுங்கு பண்பு, அதனால ரெண்டும் சின்ன எழுத்து. நிரப்பு. பாத்தியா, எவ்வளவு சுலபம்? இதுக்குப் போய் ஒருத்தர் வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டணுமா?”

ஷுவான் நிரப்பினாள். அவன் இவ்வளவு நாளாக ஏங்கிய வேகத்தில், யாரும் உதவாமல், சரியாக நிரப்பினாள்.

பிறகு பென்சிலைக் கீழே வைத்தாள்.

“மாமா, நாலு கட்டத்துலயும் ஒட்டின காதுதான் வருது.”

“ஆமா, ஏன்னா...”

“என் காது எந்தக் கட்டத்துல இருக்கு?”

டெஸ்மண்ட் கட்டத்தைப் பார்த்தான். காதைப் பார்த்தான். மறுபடி கட்டத்தைப் பார்த்தான். நான்கு கட்டத்துக்கு வெளியே ஐந்தாவது ஒன்று எங்காவது இருக்குமா என்றுகூடப் பார்த்தான்.

ஜன்னல் பக்கம் மூங்கில் கழி பாதி வெளியே போன நிலையில் நின்றுவிட்டது.

“என்ன கட்டம்?” என்றாள் பெர்னிஸ்.

“அம்மா, நான் யாரு பொண்ணு?”

“என்ன?”

“கட்டத்துப்படி நான் உங்க ரெண்டு பேருக்கும் பொறக்க முடியாது.”

பெர்னிஸ் ஈரக் கையோடு வந்து தாளை எடுத்துப் பார்த்தாள். அவள் பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். அழுகிற பிள்ளைகளையும் கத்துகிற பெற்றோரையும் ஒரே குரலில் உட்காரவைப்பவள். இப்போது அந்தக் குரல் வரவில்லை.

“ஆ பாய், உன்னைப் பாடம் சொல்லிக்குடுக்கச் சொன்னேனா, குடும்பத்தைக் கூறு போடச் சொன்னேனா?” இருபத்திரண்டு வயதிலும் அவன் அவளுக்கு ஆ பாய்தான், பொடிப்பையன். பிறகு மகளிடம் திரும்பினாள். “ஏய் பைத்தியம். நீ பொறந்த அன்னிக்கு உங்கப்பா பிரசவ அறையில மயங்கி விழுந்தாரு. எனக்குக் கொண்டுவந்த சக்கர நாற்காலியில அவரை உட்காரவெச்சு, என்னை நடக்கச் சொன்னாங்க. அவர் பொண்ணு இல்லாமலா அவ்வளவு கலாட்டா பண்ணினாரு?”

“அது நீ சொல்றது. இது கட்டம் சொல்றது.”

“ஷுவான், இங்க கேளு,” என்றான் டெஸ்மண்ட் அவசரமாக. “உண்மையில காது அப்படி ஒரே ஜீனால வர்றது இல்ல. பாதி ஒட்டினது, கால்வாசி ஒட்டினதுன்னு எல்லாம் உண்டு. புத்தகத்துல சுலபமா இருக்கட்டும்னு அப்படிப் போட்டிருக்காங்க. இரண்டாம் வருஷத்துல எங்களுக்கே சொன்னாங்க.”

“அப்ப கட்டம் தப்பா?”

“தப்புன்னு இல்ல.”

“சரியா?”

“சரின்னும் சொல்ல முடியாது.”

“திங்கக்கிழமை பரீட்சையில வந்தா?”

“அப்ப சரி.”

ஷுவான் எழுந்தாள். “பரீட்சையில சரி, வீட்டுல தப்பு. எங்கப்பா மட்டும் நடுவுல நிக்கிறாரு.” வாசல் கதவு சாத்திய சத்தத்தில், சுவரிலிருந்த கெங் ஹுவாட் லேசாக ஆடி, கொஞ்சம் சாய்ந்து நின்றார்.

டெஸ்மண்ட் செருப்பைத் தேடினான். அப்போது பெர்னிஸ் மெல்லக் கேட்டாள்.

“அந்தக் கட்டம்... அது எப்பவாவது தப்பாப் போகுமா?”

“போகும் ஜே.”

“நிச்சயமா?”

“நிச்சயமா. ஏன், ஷுவான் விஷயத்துல...”

“ஷுவான் விஷயத்துல எனக்கு என்ன சந்தேகம்?” என்றாள் சட்டென்று. அவள் மகள் போன கதவைப் பார்க்கவில்லை. தம்பியின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காதில் சவர நுரை ஏதும் ஒட்டியிருக்கிறதோ என்று டெஸ்மண்ட் துடைத்துக்கொண்டான்.

“கடைக்குத்தான் போயிருப்பா. போய் அவளைக் கூட்டிட்டு வா. சாயங்காலம் ஆறாவது மாடிக்குப் போய், அவளை மறுபடி சேத்துக்கச் சொல்லி மேடம் புவா கால்ல விழு. உன் டியூஷன் போதும்.”

பதவி போன மனிதன் எப்படி நடப்பானோ, அப்படி நடந்து அவன் உணவங்காடிக்குப் போய்ச் சேர்ந்தான்.

சனிக்கிழமை மதியம். மேசைகளில் இடம்பிடிக்கக் காகிதக் கைத்துடைப்புப் பொட்டலங்கள் உட்கார்ந்திருந்தன. கெங் ஹுவாட் கடை வரிசை பழச்சாற்றுக் கடையையும் தாண்டி வளைந்திருந்தது.

சனிக்கிழமை என்றால் ஷுவான் கடைக்கு உள்ளே நின்று, அப்பாவுக்கு இடப்பக்கம், கிண்ணங்களில் மிளகாயும் வினிகரும் ஊற்றுவாள். இன்று அவள் உள்ளே இல்லை. வரிசையில் நின்றாள். வாடிக்கையாளர் மாதிரி. அப்பாவின் இடது காதை, ஒட்டியிருந்த அந்தக் காதை, பார்த்துக்கொண்டே நகர்ந்தாள்.

“ஷுவான், வா, வீட்டுக்குப் போலாம்,” என்றான் டெஸ்மண்ட், பக்கத்தில் போய்.

“தம்பி, வரிசை பின்னாடி,” என்றார் அவள் பின்னால் நின்ற தொப்பைக்காரர்.

“நான் சாப்பிட வரல அங்கிள். குடும்ப விஷயம்.”

“எனக்கும் குடும்பம் இருக்கு. மூணு கிண்ணம் வாங்கணும். பின்னாடி.”

அவன் பின்னால் போகவில்லை. அவளை ஒட்டியே நகர்ந்தான். என்ன பேசுவது? அப்பாவின் காதைப் பற்றிய ஒரு வாக்கியத்தை, மிளகாய் வாசத்துக்கு நடுவில், முப்பது பேர் கேட்க, எப்படி ஆரம்பிப்பது?

ஷுவானின் முறை வந்தது. கெங் ஹுவாட் தலையைத் தூக்காமலே, “உலர்ந்ததா, சூப்பா?” என்றார். பிறகு குரல் வராததால் பார்த்தார்.

“என்ன, இன்னிக்குக் காசு குடுத்துச் சாப்பிடுற கூட்டத்துல சேந்துட்டியா? உள்ள வா. கை ஒடியுது.”

“அப்பா, அந்தப் பக்கம் திரும்பு.”

“அந்தப் பக்கம் சுவர்தான் இருக்கு.”

“திரும்புப்பா.”

அவள் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். கெங் ஹுவாட் கரண்டியோடு அப்படியே சுவர்ப்பக்கமாகச் சுற்றித் திரும்பினார். இதுவரை வாடிக்கையாளர் யாரும் பார்த்திராத அவருடைய வலது காது, வெளிச்சத்துக்கு வந்தது.

தொங்கியது. தடிமனாக, தாராளமாக, அதிர்ஷ்டம் சொட்டுகிற மாதிரி தொங்கியது.

பதினாறு வருடம் ஒரே வீட்டில் இருந்த அப்பாவின் காது மகளுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். விடியுமுன் போகிறவரின் முதுகு தெரியும். வந்து சாய்கிறவரின் குறட்டை தெரியும். கடையில் அவருக்கு இடப்பக்கம் நிற்கிறவளுக்கு இடது காது தெரியும். மற்றபடி, அப்பாவை யாரும் சுற்றிவந்து பார்ப்பதில்லை.

“அப்ப இந்தப் பக்கம் ஏன் இப்படி?” ஷுவானின் குரல் உடைந்தது.

“இதுவா?” கெங் ஹுவாட் கரண்டிக் காம்பால் இடது காதைத் தொட்டார். “ஏழு வயசுல எங்கப்பா கடையில ஓடி விளையாடி, கொதி எண்ணெயை இழுத்துவிட்டுக்கிட்டேன். வெந்து, புண்ணாகி, ஆறும்போது தாடையோட ஒட்டிக்கிச்சு. இருந்த அதிர்ஷ்டத்துல பாதி அன்னிக்கே போச்சுன்னு எங்கம்மா சாகிற வரைக்கும் திட்டுனாங்க. ஏன், என்ன ஆச்சு? எதுக்கு அழற?”

“நான் அழல. மிளகாய்.”

“பொண்ணு காதைப் பாத்து முடிச்சுட்டா எனக்கு மூணு கிண்ணம்,” என்றார் தொப்பைக்காரர். “ஒண்ணுல மிளகாய் வேண்டாம்.”

ஷுவான் சுற்றிக்கொண்டு கடைக்குள் போனாள். ஏப்ரனைக் கட்டினாள். வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. கிண்ணங்களை எல்லாம் தூக்கிக்கொண்டு போய், அப்பாவுக்கு வலப்பக்கம், சுவருக்கும் அடுப்புக்கும் நடுவில், இடமே இல்லாத இடத்தில் நின்றுகொண்டாள்.

டெஸ்மண்ட் மூச்சு விட்டான். காலையிலிருந்து அவன் செய்த ஆராய்ச்சியின் முடிவு: ஒரு மனிதனுக்கு இரண்டு காது உண்டு. மூன்று ஆண்டு உயிரியலில் இதை யாரும் தனியாகச் சொல்லித் தரவில்லை.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் கெங் ஹுவாட் அவனுக்கு ஒரு கிண்ணத்தை நீட்டினார். எப்போதும் போல மற்றவர்களைவிட அதிக உருண்டைகள். ஏன் என்று அவன் ஒருபோதும் கேட்டதில்லை. இலவசமாக வருவதை ஆராயக்கூடாது என்பதில் மட்டும் அவன் விஞ்ஞானி அல்ல.

“என்னடா ஆ பாய், இன்னிக்குக் காது கீதுன்னு?”

“ஒண்ணுமில்ல அத்தான். பாடம்.” டெஸ்மண்ட் சாப்பாட்டுக் குச்சியை மிளகாய்ச் சாந்தில் தொட்டு, தட்டில் நான்கு கட்டம் வரைந்தான். தான் ஜெயித்த மாதிரி ஒரு தெம்பு வந்திருந்தது. “அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் ஒட்டின காதுன்னா, புள்ளைக்குத் தொங்குற காது வராது. வந்தா, கட்டத்துப்படி அது அவங்க பெத்த புள்ளையே இல்ல. உங்க ஒத்தைக் காதைப் பாத்து ஏமாந்துட்டோம்.”

கெங் ஹுவாட் சிரித்தார். கடையே குலுங்கச் சிரித்தார். பிறகு நின்றுவிட்டது.

“யாருக்கு ரெண்டு பேருக்கும் ஒட்டியிருந்தா?”

“அப்பா அம்மாவுக்கு.”

“ம்.”

பானையில் நூடுல்ஸ் கிடந்தது. அதை எடுக்க வேண்டிய நேரம் வந்தது. போனது. நூடுல்ஸை அவர் மறந்து யாரும் பார்த்ததில்லை. பானைக்குள் கை விட்டபடி தூங்கினாலும் கை தானாக எழும் என்று உணவங்காடியில் பேச்சு.

“அப்பா, குழையுது!” என்றாள் ஷுவான்.

அவர் எடுத்தார். களியாகிவிட்டதைக் கழிவு வாளியில் கொட்டினார்.

“உங்கக்கா என்ன சொன்னா?”

“கட்டம் தப்பாப் போகுமான்னு கேட்டா.”

“நீ?”

“போகும்னேன்.”

“நல்லது,” என்றார் கெங் ஹுவாட். கரண்டியை எடுத்து, ஏற்கெனவே நிறைந்திருந்த டெஸ்மண்டின் கிண்ணத்தில் இன்னும் இரண்டு மீன் உருண்டைகளைப் போட்டார். கொஞ்சம் நின்று, இன்னொன்றும் போட்டார். சூப் வழிந்து தட்டில் ஓடி, நான்கு கட்டத்தையும் அழித்தது.

உள்ளேயிருந்து ஷுவான் கத்தினாள். அழுகை தீர்ந்து குறும்பு வந்துவிட்ட குரல்.

“மாமா! அப்பா காதுலயும் அந்த நகக்கோடு இருக்கு! நடுவுல, அதே இடத்துல! அப்ப இது உங்க பக்கத்துச் சொத்து இல்ல, எங்க பக்கத்துது. நீ எங்கேர்ந்து திருடின?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தொப்பைக்காரர்கூட, மூன்று கிண்ணங்களோடு திரும்பிப் பார்த்து, “காதை மறைச்சுக்கோ தம்பி, போலீஸைக் கூப்பிட்டுடப் போறா” என்றார்.

டெஸ்மண்டும் சிரித்தான். அவன் எதற்கும் சிரிக்காதவன் என்பதை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும்.

கெங் ஹுவாட் சிரிக்கவில்லை. வலது காதைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிக்கொண்டு அடுத்தவருக்கு நூடுல்ஸ் போட்டார்.

டெஸ்மண்ட் திரும்பி வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. சமையலறையில் தண்ணீர் ஓடும் சத்தம். சுவரில் சாய்ந்த படத்தை யாரும் நேராக்கவில்லை.

கூடத்து மூலையில் சிவப்பு விளக்கு எரியும் முன்னோர் பலகை. ஆரஞ்சுப் பழங்களுக்குப் பின்னால், படங்களில், அவனுடைய அப்பாவும் அம்மாவும். டெஸ்மண்ட் காலையில் அவர்களுக்கு ஊதுவத்தி வைத்திருந்தான். இப்போது முகத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தான்.

இரண்டு படமும் அடையாள அட்டைக்கு எடுத்தவை. நேராக, விறைப்பாக, இரண்டு காதும் தெரிகிற மாதிரி. அப்பாவுக்கு இரண்டு. அம்மாவுக்கு இரண்டு. எண்ணெய் எதுவும் படாத காதுகள்.

நான்கும் ஒட்டியிருந்தன.

காது ஒரே ஜீனால் தீர்மானமாவதில்லை, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், விரிவுரையாளரின் குரலில். பாதி ஒட்டினது, கால்வாசி ஒட்டினது என்றெல்லாம் உண்டு. புத்தகத்தில் சுலபமாக இருக்கட்டும் என்று போட்டது. ஷுவானிடம் சொன்னபோது இந்த வாக்கியங்கள் இன்னும் கொஞ்சம் கெட்டியாக இருந்த மாதிரி ஞாபகம்.

ஒட்டின காது அம்மா. ஒட்டின காது அப்பா. அப்பா அடுப்புப் பக்கமே போகாதவர், எழுதுபொருள் கடைக் கணக்காளர். நம்ம வம்சத்துலயே யாருக்கும் இப்படிக் காது கிடையாது. மேலேர்ந்து வாங்கிட்டு வந்தது. எந்த மேல்?

தண்ணீர் சத்தம் நின்றது.

“ஆ பாய், வந்துட்டியா? ஷுவான்?”

“கடையில இருக்கா. சரியாயிடுச்சு. அத்தானோட இன்னொரு காது...” அவன் நிறுத்தினான். “தொங்குது.”

“அது எனக்குத் தெரியாதா?” என்றாள் பெர்னிஸ், உள்ளேயிருந்தே. தட்டு அடுக்கும் சத்தம். பிறகு, “வேற ஏதாவது சொன்னாரா?”

“இல்ல.”

“மேடம் புவாகிட்ட போனியா?”

“போறேன், ஜே.”

தினமும் நூறு தடவை வாயிலிருந்து விழுகிற சொல். இன்று பல்லில் மாட்டிக்கொண்டது.

மின்தூக்கியின் உட்சுவரில் ஒரு கண்ணாடி. அவன் அருகே போய்க் காதுமடலைப் பிடித்து இழுத்தான். ஆன்ட்டிகள் இழுத்து இழுத்து வளர்ந்ததாகவும் இருக்கலாம் என்று ஒரு கருதுகோள் தோன்றியது. நடுவில் கோடு, அத்தானுடையதைப் போலவே. இந்தப் பக்கமும் கோடு. ஒன்பதாவது மாடியில் கதவு திறந்து ஓர் ஆன்ட்டி காய்கறித் தள்ளுவண்டியோடு ஏறினார்.

“காது வலியா?”

“இல்ல ஆன்ட்டி. பாடம்.”

ஆறாவது மாடி. மேடம் புவாவின் வீட்டு வாசலில் மாணவர்கள் செருப்பு விடுவதற்கென்றே ஒரு சின்ன அலமாரி. கம்பிக் கதவுக்குப் பின்னால் மேசை, ஒரு மின்விசிறி, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான். பள்ளிக்கூடத்தில் நாற்பது பேருக்குக் கத்திக் கத்தி ஓய்வுபெற்ற பிறகு, ஒருவருக்கு மேல் உட்காரவைப்பதில்லை என்று சத்தியம் செய்தவர்.

மேடம் புவா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“வா. அமீபா எப்படி இருக்கு?”

பதினோராவது மாடியில் பேசியது ஆறாவது மாடிக்கு வர ஆறு மாதம் ஆகாதுதான்.

“நல்லா இருக்கு மேடம்.”

“ஷுவானுக்காகத்தான வந்திருக்க? போன பரீட்சைத் தாளைப் பாத்தேன். அழுதுகிட்டு வந்து காமிச்சா. ‘தண்ணி ஆசைப்படும்’. யார் சொல்லிக்குடுத்ததுன்னு நான் கேக்கல. நாளைக்குக் காலையில அனுப்பு. திங்கக்கிழமைக்குள்ள மரபியலையாவது தேத்திடறேன்.”

“நன்றி மேடம்.”

அவன் போகவில்லை.

“இன்னும் என்ன?”

“இப்ப... இந்த நேரம் காலியா மேடம்?”

“காலிதான். அது உங்க ஷுவானோட பழைய நேரம். வேற பிள்ளையைப் போடல. ஏன்?”

டெஸ்மண்ட் பின்னால் திரும்பிப் பார்த்தான். நடைவழியில் யாரும் இல்லை.

“எனக்கு ஒரு பாடம் வேணும்.”

மேடம் புவா கண்ணாடியைக் கழற்றினார். “உனக்கா? நீ பல்கலைக்கழகம்.”

“அங்க பெரிய வகுப்பு மேடம். எல்லார் முன்னாடியும் கேக்க முடியாது.”

“எந்தப் பாடம்?”

“மரபியல். காது.”

அவர் அவன் முகத்தைக் கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தான். சிரித்திருந்தால் ஓடியிருக்கலாம். அவர் கம்பிக் கதவைத் திறந்தார்.

“செருப்பைக் கழட்டு.”

கழற்றி, அலமாரியில், ஆரம்பப் பள்ளிச் சின்னச் செருப்புகள் வைக்கிற கீழ்த்தட்டில் வைத்தான். மாணவர் நாற்காலியில் உட்கார்ந்தான். அது கொஞ்சம் தாழ்வாக இருந்தது. முழங்கால் மேசையில் இடித்தது.

“பென்சில்?”

“கொண்டுவரல மேடம்.”

“பேச மட்டும் கொண்டுவருவீங்க.” ஒரு பென்சிலையும் தாளையும் தள்ளினார். “கேள்வியை எழுது. முழுசா.”

எழுதினான். தந்தை: ஒட்டிய காது. தாய்: ஒட்டிய காது. மகன்.

மகனுக்கு அப்புறம் ஒரு புள்ளியை வைத்து, அந்தப் புள்ளியையே சுற்றிச் சுற்றிக் கறுப்பாக்கினான்.

“மேடம், இந்தக் கட்டம் தப்பாப் போகுமா?”

“பரீட்சையிலயா, வெளியிலயா?”

“வெளியில.”

“போகும்,” என்றார் மேடம் புவா. “போகாமலும் இருக்கும்.”

காலையில் இதே பதிலைச் சொன்ன வாய்க்கு, அது எவ்வளவு உபயோகமில்லாத பதில் என்று இப்போதுதான் தெரிந்தது.

“எனக்கு ஒரே ஒரு பதில் வேணும் மேடம்.”

“ஒரே பதில் அட்டையிலதான் இருக்கும். முதல்ல அதை மனப்பாடம் பண்ணு. அப்புறம் பேசலாம்.” மேசை இழுப்பறையைத் திறந்து ஓர் இளஞ்சிவப்பு அட்டையை அவன் முன்னால் வைத்தார். “தாள் மேல பேரை எழுது. முழுப் பேர்.”

‘டெஸ்மண்ட்’ என்று எழுதினான். குவா என்ற குடும்பப் பெயருக்கு இடம் விட்டான். விட்ட இடத்தை அப்படியே விட்டுவிட்டு, பென்சிலைக் கீழே வைத்தான்.

பிறகு அட்டையை எடுத்து, ஒரு கையால் காதுமடலைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, முதல் வரியைச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தான்.